கூடிப் பயிலும் களம்

நுழையும்முன்

உடலை உறுதியாகப் பேணுதல் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஆற்ற வேண்டிய கடமை. எனினும், அதனைத் தனித்து நின்று நாள்தோறும் நிறைவேற்றுவோர் சிலரே. பலரோடு கூடிப் பயிலும்போது அக்கடமை வழக்கமாக நிலைபெறுகிறது. இவ்வுண்மையைக் குமரி மாவட்டத்தின் அடிமுறைக் களரி வழியாக விளக்குகிறது இப்பாடம்.

உழைப்பு விட்ட இடம்

நாஞ்சில் நாட்டு வயல்களில் பெண்கள் வரிசையாக நின்று, பாட்டின் தாளத்திற்கேற்ப நாற்று நட்டனர். கடற்கரை ஊர்களில் கரமடி வலையின் இரு முனைகளையும் இரு குழுவினர் பற்றி, ஒருமித்துக் குரலெழுப்பிக் கரைக்கு இழுத்தனர். ஒத்த அசைவு, தனியொருவரால் இயலாத பணியைப் பலரால் இயல்வதாக்கியது. இத்தகைய உழைப்பில் ஈடுபட்டோர்க்கு உடற்பயிற்சிக்கெனத் தனி நேரம் தேவைப்படவில்லை. இன்று நடவு இயந்திரங்களும் மோட்டார் வாகனங்களும் அவ்வுழைப்பின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டன. உழைப்பு விட்ட இடத்தைப் பயிற்சி நிரப்ப வேண்டியுள்ளது.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள், மிதமானது முதல் கடினமானது வரையிலான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலாகும். ஆனால், அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களுள் 81 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் அற்றவர்கள். ஆண்களுள் இது 78 விழுக்காடு. பெண்களுள் 85 விழுக்காடு.

அடிமுறைக் களரி

குமரி மாவட்டத்திலும் அதனை அடுத்த தென்கேரளப் பகுதியிலும் வழங்கிவரும் தற்காப்புக் கலை அடிமுறை. இதனை அகத்தியர் மரபினதாகப் பயில்வோர் போற்றுவர். கற்பிப்பவர் ஆசான் எனப்படுவார். வணக்கத்துடன் தொடங்கும் பயிற்சியில், ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு முதலிய அடிவைப்புகள் முதலில் கற்பிக்கப்படுகின்றன. பின்னர் இருவர் எதிரெதிர் நின்று அடியும் தடையும் பழகுவர். சிலம்பம் முதலிய கருவிப் பயிற்சிகளும் இதன் பகுதிகளாகும்.

அடியைத் தடுக்கக் கற்க வேண்டுமெனில் அடிப்பதற்கு ஒருவர் வேண்டும். எனவே, இக்கலையைத் தனித்துக் கற்றுத் தேர்தல் இயலாது. எதிரில் நிற்பவர் பகைவர் அல்லர். தம் கைவீச்சை உரிய இடத்தில் நிறுத்துவார் என்று நம்பத்தக்க தோழர். உடலின் நுண்ணிய இடங்களைப் பற்றிய வர்ம அறிவை, நீண்ட காலம் பழகி நம்பிக்கை பெற்ற மாணவர்க்கே ஆசான் கற்பிப்பார். வலிமையோடு பொறுப்புணர்வும் வளர வேண்டும் என்பதே இவ்வொழுங்கின் உட்பொருள்.

அறிவியல் காட்டும் காரணம்

மிதிவண்டிப் பந்தய வீரர்கள் தனியே ஓட்டுவதைவிடப் பிறரோடு ஓட்டும்போது விரைவாகச் செல்கின்றனர் என்பதை அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்ளெட் 1898இல் எடுத்துக்காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. படகுப்போட்டி வீரர்கள் 12 பேர், துடுப்புப் பயிற்சிப் பொறியில் 45 நிமிடங்கள் தனித்தும், குழுவாக ஒத்திசைந்தும் பயின்றனர். இரு நிலைகளிலும் வலியைத் தாங்கும் திறன் உயர்ந்தது. எனினும், கூடிப் பயின்றபோது அவ்வுயர்வு மிகுதியாக இருந்தது. வலியைத் தணித்து மகிழ்வூட்டும் எண்டார்பின்கள் கூட்டியக்கத்தில் மிகுதியாகச் சுரப்பதே இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர். ஆய்வு சிறியதே, ஆயினும் கூடி உழைத்தோர் பட்டறிவோடு அது பொருந்துகிறது.

கூட்டுப் பயிற்சியின் நன்மை இன்னும் எளிய வழியிலும் விளைகிறது. குறித்த நேரமும் இடமும் இருத்தலால் சோம்பலுக்கு இடம் குறைகிறது. ஒருநாள் வராதவரை மறுநாள் தோழர் வினவுகின்றனர். தவறான நிலையில் முழங்காலை மடக்கினால், காயம் நேருமுன் ஆசான் திருத்துகிறார். புதியவர் மூத்தோரைக் கண்டு கற்கிறார். மூத்தோர் கற்பிப்பதால் தம் குறை உணர்கிறார்.

கூட்டத்தின் பொறுப்பு

கூட்டம் தன்னளவிலேயே நன்மையாகிவிடாது. விரைவாகச் செய்பவரோடு ஒப்பிட்டு ஏளனம் செய்தால், பின்தங்கியவர் மறுநாள் களத்திற்கு வரமாட்டார். அவரவர் உடல்நிலைக்கேற்ப அளவை அமைத்தலும், வலி தோன்றின் நிறுத்துதலும், மூச்சிரைப்பு முதலிய நோயுள்ளோர் மருத்துவர் அறிவுரை பெறுதலும் இன்றியமையாதன.

களத்தில் எவர் இல்லை என்பதும் நோக்கத்தக்கது. பொதுத்தேர்வைக் காரணம் காட்டி மேல்நிலை வகுப்புகளில் விளையாட்டு நேரம் சுருங்குகிறது. வளர்ந்த பெண் திடலில் ஆடுவது தகாது என்னும் எண்ணம் மாணவியரை மேலும் விலக்குகிறது. தனியே ஓடத் தயங்கும் மாணவி, பத்துப் பேரோடு சேர்ந்து தயக்கமின்றி ஓடுவாள். இன்று களரியிலும் சிலம்பத்திலும் பெண்கள் பயின்று வருகின்றனர். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

கூட்டுப் பயிற்சிக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு திடல், அறிந்த வழிகாட்டி, ஒரே நேரத்தில் வந்து சேரும் சில தோழர்கள் போதும். அத்தோழர்களுள் ஒருவராக நாள்தோறும் சென்று நிற்பது தம் உடலுக்குச் செய்யும் நன்மை மட்டுமன்று. அருகில் நிற்பவர்க்குச் செய்யும் உதவியுமாகும்.