நண்பகல் வெயிலை எங்கே வைப்பது?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையின் பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பட்டதால் நாடே இருண்டது என்றார்கள். பழி குரங்குக்குப் போனது. ஆனால், விடுமுறை நாளில் தேவை குறைந்து சோலார் மின்சாரம் மிகுந்திருந்ததால் ஒரு சிறு தட்டலையும் வலையமைப்பால் தாங்க முடியவில்லை. அந்த ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறைப் பகல்களில் கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டது. மாலை ஆறரைக்கு மேல் தேவை உச்சத்துக்கு ஏறும்போதோ சோலார் கைகொடுப்பதில்லை. ஆகவே இனிப் பலகைகளைக் கூட்டுவதைவிடச் சேமிப்பைக் கூட்டுவதே முந்திய வேலை.

மலைநாட்டில் இதற்கு நீர் இருக்கிறது: மிஞ்சிய மின்சாரத்தால் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது விழவிடலாம். அரநாயக்கவில் 600 மெகாவாட் திட்டம் நெடுங்காலமாகப் பேச்சில் உள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தட்டையான கரையிலுள்ள கீரிமலையில் அது நடக்காது. நூறு மீற்றர் உயரமிருந்தால் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3,700 லீற்றர் நீர் போதும். பத்து மீற்றர்தான் என்றால் 37,000 லீற்றர். போதாக்குறைக்கு இது சுண்ணாம்புக்கல் நிலம். பெய்த மழை பாறை வெடிப்புகளால் இறங்கி, கேணியில் ஊறி, பக்கத்துக் கடலில் கலந்துவிடுகிறது.

எஞ்சுவது பற்றரி. லிதியம் இரும்பு பொஸ்பேற் கலத்தில், ஏற்றும்போது லிதியம் அயன்கள் கிராபைற் படலத்துக்குள் போய் ஒதுங்கும். இறக்கும்போது திரும்பி வரும், இலத்திரன்கள் வெளிக்கம்பியால் சுற்றி வரும். விலை கட்டாது என்பது பழைய கணக்கு: 2010இல் ஓர் அலகைச் சேமிக்கும் பற்றரித் தொகுதி ஆயிரம் டொலரைத் தாண்டியது, 2024இல் உலகச் சராசரி 115 டொலர். தீப்பிடிக்கும் என்ற அச்சம் இந்த வகைக்குக் குறைவு. கரையோர உப்புக்காற்றும் வெக்கையும்தான் மெய்யான எதிரிகள். பெட்டியை இறுக மூடிக் குளிரூட்ட வேண்டும், அதற்கும் கொஞ்சம் மின்சாரம் போகும்.

இதற்கு உதாரணம் பக்கத்திலேயே உண்டு: நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கென இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமான திட்டத்தில் 1,700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காற்றாலை, 2,400 அலகு பற்றரி. வீட்டுக்கு இரவில் இரண்டு அலகு என்றால் 1,200 வீடுகளுக்குக் காணும். கூடவே 2,500 கிலோவாட் டீசலும் இருக்கிறதே என்று கேட்கலாம். கார்த்திகை மார்கழியில் நாள்கணக்காக வானம் மூடிக்கிடக்கும்; பகலை இரவுக்கு நகர்த்தும் பற்றரியால் ஒரு கிழமையை நகர்த்த முடியாது. டீசல் அந்த நாள்களுக்கு மட்டும் நின்றால் போதும்.