19 வயது ஆசிரியரும் கடல் கடந்து வந்த மாணவர்களும்

வெளிநாட்டுக்குப் போகும் இளைஞருக்கு முதல் சோதனை மொழிதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புரோவோ நகரில், இளம் சமயப் பணியாளர்களுக்கான பயிற்சி மையம் ஒன்று உள்ளது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அங்கு வருகிறவர்களில் பலர், சில வாரங்களில் ஸ்பானிய மொழியின் அடிப்படையைக் கற்றுக்கொண்டு தென் அமெரிக்க நாடுகளுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். மீதியைக் கற்றுத் தருவது அங்குள்ள மக்கள்தான்.

மாணவர்களே, இது ஏதோ தூர தேசத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 200 ஆண்டுகளுக்கு முன்னர் இதே அனுபவத்துக்காக இளைஞர்கள் கப்பலேறி வந்த ஊர் நம் மலாக்கா. அவர்களுக்கு மலாய் கற்பித்தவரோ தமிழ் வேர் கொண்ட ஓர் இளைஞர்.

நாகூரிலிருந்து கம்போங் பாலி வரை

அவர்தான் முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி என்று நம் பாடநூல்களில் படிக்கிறோமே, அவரேதான். 1796-ஆம் ஆண்டு மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தார். அவருடைய கொள்ளுத் தாத்தா ஏமன் நாட்டு அரபியர். நாகூருக்கு வந்து, சமயக் கல்வி கற்பித்து, ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்துகொண்டவர். அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை கடல் தாண்டி மலாக்காவில் வேரூன்றியது.

சிறுவன் அப்துல்லாவைத் தந்தை தமிழ் படிக்க அனுப்பினார். அது குடும்பப் பாசத்தால் மட்டும் அல்ல. அன்றைய மலாக்காவில் வணிகக் கணக்குக்குத் தமிழ் தேவைப்பட்டது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அங்கே வழக்கமாக இருந்தது என்று அப்துல்லாவே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிறகு அரபு, மலாய் என்று அவருடைய கல்வி விரிந்தது. கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குத் திருக்குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தபோது அவர் இன்னும் சிறுவர்தான். ‘முன்ஷி’, அதாவது மொழியாசிரியர், என்ற பட்டம் அப்படித்தான் வந்தது. 1810-இன் இறுதியில் ராஃபிள்ஸ் மலாக்கா வந்தபோது, அவருடைய எழுத்தர்களில் மிக இளையவர் அப்துல்லா.

ஆடு மேய்த்தவர் கற்ற சீனம்

1815-இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் வில்லியம் மில்ன் மலாக்காவில் குடியேறினார். ஸ்காட்லாந்தில் ஆடு மேய்த்து வளர்ந்த ஏழைப் பையன் அவர். சீனர்களிடையே பணியாற்ற வந்தவருக்கு மக்காவில் தங்க அனுமதி கிடைக்கவில்லை. எனவே, சீனர்கள் நிறைந்த மலாக்காவைத் தேர்ந்தெடுத்தார்.

ஊன்றிப் படித்த அந்த மில்னின் உழைப்பை அருகிலிருந்து பார்த்தவர் அப்துல்லா. அவருக்கு மில்ன் ஆங்கிலம் கற்பித்தார். மலாய்ப் பாடம் சொல்லிக்கொடுப்பது அப்துல்லாவின் வேலை. ஒருவர் இன்னொருவருக்கு ஆசிரியர், அவரே மாணவரும்கூட. 1815-இலேயே மில்ன் மலாக்காவில் ஒரு சீன மாத இதழைத் தொடங்கினார். உலகின் முதல் நவீன சீன மொழி மாத இதழாக அது கருதப்படுகிறது. 1818-இல் ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சீன இளைஞர் ஆங்கிலமும், ஐரோப்பியர் சீனமும் படிப்பதே அதன் நோக்கம். 1822-இல் மில்ன் மலாக்காவிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 37.

அதே கல்லூரிக்கு 1840-இல் வந்த ஜேம்ஸ் லெக்குக்கு வயது 24. பின்னாளில் கன்பூசியஸ் நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் புகழ் பெற்றவர் இவர். 1876-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் சீனப் பேராசிரியரும் ஆனார்.

கேட்க மறுத்த மாணவர்

எல்லா மாணவரும் மில்னைப் போல் இல்லை. தாம்சன் என்ற இன்னொரு மிஷனரியும் அப்துல்லாவிடம் மலாய் கற்றார். வேதாகமப் பகுதிகளை மலாயில் பெயர்க்கும் பணியில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சொற்கள் மலாய்தான், ஆனால் வாக்கிய அமைப்பு ஆங்கிலம். “மலாய்க்காரர் இப்படிப் பேசமாட்டார்கள்” என்ற பொருளில் அப்துல்லா எடுத்துச் சொன்னாலும் தாம்சன் தம் போக்கை விடவில்லை.

அப்துல்லாவுக்கு இதில் இழப்பதற்கு நிறைய இருந்தது. மொழியாசிரியரின் சொத்தே அவருடைய பெயர்தான். பிழையான மலாய் அச்சாகி வெளிவந்தால், உதவியவர் என்ற முறையில் பழி அவர் மேலும் விழும். அதோடு, கிறிஸ்துவ நூலுக்கு உதவுகிறாரே என்று சொந்தச் சமூகத்தில் முணுமுணுப்பும் இருந்தது. ஆகவே, அந்தப் பிழைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்பதைத் தம் நூலில் அவர் பதிவு செய்துவைத்தார். மொழி கற்கும் ஒவ்வொருவரும் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவிடலாம். அந்த மொழிக்காரர் திருத்தும்போது காது கொடுக்காவிட்டால் அது நம் மொழிதான், அவர்கள் மொழி ஆகாது.

“நம்ம மொழிதானே!”

அப்துல்லா தம் ஊராரையும் விட்டுவைக்கவில்லை. மலாய் தாய்மொழிதானே, அதை எதற்குத் தனியாகப் படிக்க வேண்டும் என்று கேட்டவர்களை அவர் கடுமையாகச் சாடினார். வீட்டில் பேசுவதால் மட்டும் மொழி கைவந்துவிடாது, இலக்கணமும் சொல்வளமும் தேடிக் கற்க வேண்டியவை என்பது அவர் கருத்து. அவரே மலாக்காவின் மலாய் அறிஞர்களைத் தேடிப் போய்க் கற்றவர்.

இந்தக் கேள்வி இன்று நம் பக்கமும் திரும்புகிறது. அலோர் காஜாவிலும் ஜாசினிலும் தோட்டத்து வீடுகளில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகள், எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுப்பதா வேண்டாமா என்று தயங்கும்போது காதில் விழுவதும் இதே வாசகம்தான்: “நம்ம மொழிதானே, தெரியும்!” ஒரு காலத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் வழக்கமாகக் கற்ற மொழி இந்த ஊரில் தமிழ். அதை நாமே பாடமாக எடுக்கத் தயங்கினால் இழப்பு யாருக்கு?

ஸ்பானியம் தூரத்தில் இல்லை

தாய்மொழியை நன்றாகக் கற்றவருக்கு அடுத்த மொழி அவ்வளவு அந்நியமில்லை. நம் வீட்டு மேசையையே பாருங்கள். அது போர்த்துகீசியம் தந்த சொல். மலாயில் ‘மேஜா’, ஸ்பானியத்தில் ‘மெசா’. காலில் போடும் சப்பாத்து மலாயில் ‘செபாத்து’, ஸ்பானியத்தில் ‘சபாத்தோ’. போர்த்துகீசியமும் ஸ்பானியமும் உடன்பிறந்த மொழிகள். உஜோங் பாசிர் போர்த்துகீசியர் குடியிருப்பில் கிறிஸ்தாங் மொழி இன்றும் ஒலிக்கிறது. ஸ்பானியம் கற்க நினைக்கும் மலாக்கா மாணவருக்கு முதல் பாடம் அங்கேயே காத்திருக்கிறது.

அப்துல்லாவின் வழி எளிமையானது. எந்த மொழிக்கும் அதைத் தாய்மொழியாகக் கொண்டவரையே ஆசிரியராகத் தேடுங்கள். அவர் உங்களைவிட இளையவராக இருக்கலாம், ஏழையாக இருக்கலாம். அவர் திருத்தினால் கூச்சப்படாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு அவருக்கு உங்கள் மொழியில் நான்கு வார்த்தை கற்றுக்கொடுங்கள்.

1843-இல் எழுதி முடித்து 1849-இல் அச்சான ‘ஹிக்காயாட் அப்துல்லா’ பல நூலகங்களில் கிடைக்கும். மலாய்ப் பாடத்துக்காகவாவது ஒருமுறை எடுத்துப் படியுங்கள். கம்போங் பாலிப் பையன் தமிழ் எழுத்துக் கற்கப் போன பக்கத்தைத் தவறவிடாதீர்கள்.