இடுப்பு வரும்வரை

திருநெல்வேலியிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் குடும்பம் சிங்கப்பூரில் இருக்கிறது. பேரனுக்கு நாலரை வயது, எடை 17 கிலோ, உயரம் 104 செ.மீ. பையன் இப்போது ஹார்னஸ் வைத்த கார் சீட்டில் போகிறான். “அது பாப்பா சீட்டு, எனக்கு வேண்டாம்” என்று தினமும் அழுகை. பூஸ்டர் சீட்டுக்கு மாற்றிவிடலாம் என்கிறான் மகன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்கிறாள் மருமகள். “இரண்டு பேரும் என்னைக் கேட்கிறார்கள். எங்கள் காலத்தில் அம்மா மடிதான் சீட்டு. நான் என்ன சொல்லட்டும்?” என்று முடித்திருக்கிறார்.

சீட் பெல்ட் எதற்கு என்பதெல்லாம் வாசகர்களுக்குத் தெரியும். அதனால் நேரே பூஸ்டருக்கு வருகிறேன். பல வருடங்களாக என்னை வியக்க வைக்கும் பொருள் அது.

கையில் எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. கெட்டியான நுரையோ பிளாஸ்டிக்கோ, மேலே ஒரு துணி உறை, இரண்டு பக்கமும் மாட்டுக்குக் கொம்பு முளைத்த மாதிரி சின்னதாக இரண்டு வளைவு. சிலவற்றில் முதுகும் தலையணைப்பும் உண்டு. குழந்தையைப் பிடித்துக்கொள்ள அதற்கென்று ஒரு பட்டைகூடக் கிடையாது. பிடிப்பது காரின் பெல்ட்தான். பெல்ட் சரியான இடத்தில் படும்படி குழந்தையைச் சில அங்குலம் தூக்கி வைப்பது மட்டுமே பூஸ்டரின் வேலை. ஹார்னஸ் சீட்டில் குழந்தைக்கு ஏற்றபடி பட்டை இருக்கிறது. பூஸ்டரில் பட்டைக்கு ஏற்றபடி குழந்தையை உயர்த்துகிறோம். இந்த வித்தியாசம் பிடிபட்டால், எப்போது மாற்றலாம் என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

இன்று எல்லாக் காரிலும் இருக்கும் மூன்று முனைப் பெல்ட்டை 1959இல் வோல்வோ காரில் கொண்டுவந்தவர் நீல்ஸ் போலின் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர். அதற்கு முன் போர் விமானத்திலிருந்து விமானியைத் தூக்கி எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர். அந்தப் பெல்ட்டின் காப்புரிமையை மற்றக் கம்பெனிகளும் பயன்படுத்தலாம் என்று வோல்வோ திறந்துவிட்டது. ஆனால் அது பெரியவர்களின் உடம்பை மனத்தில் வைத்துச் செய்த பெல்ட். அதே கம்பெனி பூஸ்டர் மெத்தையை வெளியிட்டது 1978இல். இடையில் 19 வருடம்.

பெரியவர்களின் உடம்பில் அந்தப் பெல்ட் எதைப் பிடிக்கிறது? உங்கள் இரண்டு கைகளையும் இடுப்பின் இரு பக்கமும் வைத்து, மெல்ல முன்பக்கமாக நகர்த்துங்கள். அடிவயிற்றின் இரு ஓரத்திலும் விரலுக்குக் கட்டியாக ஒரு மேடு தட்டுப்படும். இடுப்பெலும்பின் முன்முனை அது. கார் எதன் மீதாவது மோதி நிற்கும்போது நம் உடம்பு முன்னால் பாய்கிறது. இடுப்புப் பட்டை அந்த இரண்டு மேடுகளுக்குக் கீழே மாட்டிக்கொண்டு, முழு விசையையும் எலும்பின் மேல் இறக்குகிறது. உடம்பிலேயே வலுவான எலும்புகளில் ஒன்று அது, தாங்கும்.

குழந்தைக்கு அந்த மேடு இல்லை. பிறக்கும்போது இடுப்பெலும்பு பல துண்டுகள், நடுவில் குருத்தெலும்பு. பெல்ட் மாட்டும் அளவுக்கு அந்த முன்முனை வடிவம் பெற ஏறக்குறைய பத்து வயது ஆகிறது. அதுவரை பட்டை நழுவி மேலே வயிற்றுக்கு ஏறிவிடும். அங்கே எலும்பு ஏது? குடலும் ஈரலும்தான். குழந்தையின் விலாக்கூடும் சின்னது, ஈரலையும் மண்ணீரலையும் பெரியவர்களுக்கு மூடுகிற அளவு மூடுவதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் குழாயடி ஞாபகம் வந்தது. ஏழு வயதில் அம்மாவைப் போலவே குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கவேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. சின்னக் குடம்தான். தண்ணீரைப் பிடித்து இடுப்பில் வைத்தால் நிற்காது. தொடை வழியாக வழுக்கி இறங்கும், பாவாடை முழுக்க நனையும். நாலு நாள் இப்படிப் பார்த்துவிட்டு ஆச்சி சொன்னாள்: “ஒனக்கு இன்னும் இடுப்பு வரலடி. வந்தாத் தன்னால ஒக்காரும்.” பையன்களுக்கு டவுசர் நிற்காமல் அரைஞாண் கயிற்றுக்குள் சுருட்டிச் செருகிவிடுவதும் இதனால்தான். குழந்தைக்கு இடுப்பு வரவில்லை என்பதை எலும்பியல் படிக்காமலே நம் வீடுகளில் அறிந்திருந்தார்கள். காரில் ஏற்றும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

போன மாதம் என் தம்பி மகளைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்துத் தையல் டேப்பால் அளந்து பார்த்தேன். ஆறு வயது, 112 செ.மீ. உயரம். சீட்டின் ஆழம், அதாவது முதுகு சாய்கிற இடத்திலிருந்து முன்விளிம்பு வரை, 46 செ.மீ. அவளுக்குப் புட்டத்திலிருந்து முழங்காலின் மடிப்பு வரை 31 செ.மீ. தான். முதுகை ஒட்டி உட்கார்ந்தால் முழங்கால் மடிய இடமில்லை. இரண்டு காலும் குச்சி மாதிரி நேரே நீட்டிக்கொண்டு நின்றன. அப்படி யாரால் உட்கார முடியும்? தெரு முனை தாண்டுவதற்குள் சறுக்கி முன்னால் வந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். முதுகு வில்லாக வளைந்தது, இடுப்புப் பட்டை தொப்புளுக்கு வந்தது, தோள்பட்டை கழுத்தை அறுத்தது. உடனே அதை எடுத்து அக்குளுக்கு அடியில் விட்டுக்கொண்டாள். நேராக உட்காரு என்று அதட்டிப் பயனில்லை. சேட்டை இல்லை அது, சீட்டு அவளுக்கு நீளம். பக்கத்து வீட்டில் பூஸ்டர் வாங்கி வைத்துப் பார்த்தேன். அதன் ஆழம் குறைவு என்பதால் முழங்கால் விளிம்பில் மடிந்தது. கொம்புகளுக்கு அடியில் விட்ட பட்டை தொடையின் மேல் படிந்தது. தோள்பட்டை தோளின் நடுவில் வந்தது. அரைமணி நேரம் அசையாமல் வந்தாள்.

இதை நான் இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சொந்தத்தில் ஒரு பையன், ஐந்து வயது, பின்சீட்டில் பெரியவர்களின் பெல்ட்டை மட்டும் போட்டுக்கொண்டு வந்தான். நான்குவழிச் சாலையில் குறுக்கே மாடு வர, கார் திரும்பி நடுச்சுவரில் மோதியது. அவனுக்கு ரத்தக் காயமே இல்லை. வயிற்றின் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு மட்டும். ராத்திரி வாந்தி ஆரம்பித்தது, வயிறு கல்லாக இறுகியது. குடலில் கிழிசல். அறுவை செய்து பிழைக்கவைத்தார்கள். “பெல்ட் போட்டுத்தானே இருந்தான்” என்று அவன் அப்பா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த வகைக் காயங்களுக்கு மருத்துவத்தில் ‘சீட் பெல்ட் சிண்ட்ரோம்’ என்றே பெயர். குடலோடு சில சமயம் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியும் முறியும். விபத்துக்குப் பின் குழந்தையின் வயிற்றில் பட்டையின் தடம் தெரிந்தால், குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பெல்ட்டே இல்லாமல் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்பதே சந்தேகம், அதையும் சொல்லிவிட வேண்டும். பெல்ட் கெடுதல் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 4 முதல் 8 வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு, பெல்ட்டை மட்டும் போடுவதைவிடப் பூஸ்டரில் உட்காரவைத்துப் போட்டால் பலத்த காயம்படும் அபாயம் 45 சதவீதம் குறைகிறது என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

அப்படியானால் சீக்கிரமே பூஸ்டருக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பெற்றோர் தவறுகிறார்கள். பூஸ்டர், பெல்ட்டோடு ஒப்பிட்டால் ஏற்றம். ஹார்னஸோடு ஒப்பிட்டால் இறக்கம். ஹார்னஸ் இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே என்று ஐந்து இடத்தில் பிடிக்கிறது. குழந்தை நெளிந்தாலும் தூங்கி விழுந்தாலும் பட்டை அதன் இடத்தில் இருக்கும். பூஸ்டரில் பட்டையை இடத்தில் வைத்திருக்க வேண்டியது குழந்தையின் பொறுப்பு. அதனால் பள்ளியில் வகுப்பு ஏறுவதைப் போல இதை அவசரப்பட்டுக் கொண்டாட வேண்டாம்.

முதலில் பார்க்கவேண்டியது இப்போதைய சீட்டில் இடம் இருக்கிறதா என்பது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் எடை, உயர வரம்பு போட்டிருக்கும். ஐரோப்பிய விதிப்படி வரும் பல சீட்டுகளில் ஹார்னஸ் 18 கிலோ வரை, அமெரிக்கச் சீட்டுகள் பலவற்றில் 29 கிலோ வரை. தோள், பட்டை வெளிவரும் மேல் துளைக்கு மேலே போய்விட்டாலோ, காது சீட்டின் மேல் விளிம்பைத் தொட்டாலோ சீட்டு சின்னதாகிவிட்டது. அதுவரை ஹார்னஸ்தான். வயதென்று பார்த்தால் நாலுக்குக் கீழே பேச்சே வேண்டாம், ஐந்தோ ஆறோ ஆனால் நல்லது. எடை 18 கிலோவாவது வேண்டும்.

இவையெல்லாம் அளந்துவிடக் கூடியவை. அளக்க முடியாதது குழந்தையின் குணம். பயணம் முழுக்கப் பட்டையைக் கழற்றாமல், முதுகுக்குப் பின்னால் தள்ளாமல், கீழே விழுந்த பொம்மையை எடுக்கக் குனியாமல் உட்காருமா? மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு நீண்ட பயணத்தில், தூங்கும்போது கவனியுங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து பட்டையை விட்டு வெளியே தொங்கினால் இன்னும் காலம் இருக்கிறது. வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்கும் குழந்தையும் தூக்கத்தில் கேட்காது. மாற்றினாலும் முதலில் முதுகு வைத்த பூஸ்டரையே வாங்குங்கள், தூங்கும் தலைக்கு இரு பக்கமும் தாங்கல் உண்டு. வெறும் மெத்தை மட்டும் உள்ள புதிய மாடல்களை 22 கிலோவுக்கும் 125 செ.மீட்டருக்கும் குறைந்த குழந்தைகளுக்கென்று பிரிட்டனில் 2017 முதல் அங்கீகரிப்பதில்லை.

உயரம்தானே வேண்டும் என்று தலையணையை மடித்துப் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மோதும்போது தலையணை நசுங்கும், குழந்தை பட்டைக்கு அடியில் வழுக்கிப் போய்விடும். பூஸ்டர் கெட்டியாக இருப்பதும் பட்டையைக் கீழே பிடித்து வைக்க அதற்குக் கொம்பு இருப்பதும் இதைத் தடுக்கத்தான். பழைய கார்களில் பின்சீட்டின் நடுவில் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும். பூஸ்டரை அங்கே வைக்கவே கூடாது. முன்சீட்டும் வேண்டாம். ஏர்பேக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விரிகிறது, அது விரியும் உயரத்தில் குழந்தையின் முகம் இருக்கும். பன்னிரண்டு வயது முடியும்வரை பின்சீட்டே நல்லது. பூஸ்டரை விடுவதற்கும் அவசரம் வேண்டாம். முதுகு ஒட்டி உட்கார்ந்து முழங்கால் விளிம்பில் மடியவேண்டும், பட்டை தொடையிலும் தோளின் நடுவிலும் படவேண்டும். பெரும்பாலும் 145 செ.மீ. உயரத்தில்தான் இது நடக்கிறது, எட்டு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள்.

இனி சட்டங்கள். அமெரிக்காவில் டென்னஸி மாநிலம் 1977இல் குழந்தைகளுக்கான கார் சீட் சட்டத்தை முதன்முதலாக நிறைவேற்றியது. அதற்காக ஊர் ஊராகப் பேசிப் போராடியவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்தவர்களுக்குத் தனிச் சீட்டோ பூஸ்டரோ வேண்டும். ஜெர்மனியில் பன்னிரண்டு வயது அல்லது 150 செ.மீ. வரை. நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான தடுப்பு அமைப்போ இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். அந்த ‘பெல்ட்டோ’வில்தான் எனக்கு வருத்தம். நான்கு வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் பெல்ட்டை மாட்டினாலும் சட்டம் திருப்தியடைந்துவிடுகிறது.

சட்டத்தை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பத்து லட்சத்துக்குக் கார் வாங்குகிறோம். அலாய் வீல், தோல் சீட் கவர், பெரிய திரை என்று மேலும் எண்பதாயிரம் போடுகிறோம். சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் பூஸ்டர் ‘இவனுக்கு எதுக்கு, மடியில் உட்காருவான்’ என்று விடுபட்டுப் போகிறது. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 17 கிலோ குழந்தையை மடியில் நிறுத்த ஏறக்குறைய 240 கிலோ மூட்டையைப் பிடிக்கும் பலம் வேண்டும். எந்தத் தாய்க்கும் அந்தக் கை இல்லை. 2023இல் தொடங்கிய பாரத் என்கேப் என்ற கார் மோதல் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கென்று தனி நட்சத்திரம் தருகிறார்கள். கார் சீட்டில் பூட்டிய குழந்தைப் பொம்மைகளை வைத்துக் கிடைத்த நட்சத்திரம் அது. மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பொருந்தாது.

ஐயா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மருமகள் சொல்வதே சரி. 17 கிலோ, நாலரை வயது, அழுகையை வைத்து மாற்றவேண்டாம். லேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். வரம்பு 18 கிலோ என்றால் இன்னும் சில மாதம்தான் ஓடும். அப்போது ஹார்னஸோடு தொடங்கிப் பின்னால் பூஸ்டராகவும் மாற்றிக்கொள்ளும் சீட்டு ஒன்றை வாங்கலாம். ‘பாப்பா சீட்டு’ என்ற குறையும் தீரும்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அந்தச் சீட்டையும் கூடவே கொண்டுவரச் சொல்லுங்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் இரண்டரை மணி நேரம் பிள்ளை தூங்கிக்கொண்டு வருவான். வாடகைக் கார் பேசும்போதே, பின்சீட்டுப் பெல்ட்டின் பூட்டு சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறதா என்று கேளுங்கள். அப்படி இருந்தால், கவரைக் கழற்றிப் பூட்டை வெளியே எடுத்துவைத்த பிறகு வண்டியை அனுப்பச் சொல்லுங்கள்.