டிகிரி காப்பிக்கு எது 'டிகிரி'?

காவிரிக் கரையில் காப்பிச் செடி கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நெல் வயல்தான். ஆனாலும் காப்பி என்றதும் வாயில் வரும் ஊர்ப்பெயர் கும்பகோணம்!

தஞ்சை மாவட்டத்து இந்த ஊரின் பெயரைப் போர்டில் எழுதி, நெடுஞ்சாலைகளில் எத்தனையோ கடைகள் நிற்கின்றன. பித்தளை டம்ளர், பித்தளை டபரா. எல்லாம் சரி. உள்ளே இருப்பது டிகிரி காப்பிதானா? அதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை அல்ல.

நீராகாரம் போன கதை

முன்பெல்லாம் தஞ்சைத் தரணியில் விடிந்ததும் குடித்தது நீராகாரம். இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். காலையில் அது இலேசாகப் புளித்திருக்கும். உப்புப் போட்டுக் குடித்துவிட்டு வயலுக்குப் போவார்கள்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. முதலில் வசதி உள்ள வீடுகளில் நுழைந்தது. பிறகு ஊரெங்கும் பரவியது. காப்பி உடம்புக்கு ஆகாது என்று எச்சரித்தவர்கள் பலர். யார் கேட்டார்கள்?

கொட்டை குடகிலிருந்தும் சிக்கமகளூரிலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்தது. தஞ்சை தந்தது பால்! அறுவடை முடிந்தால் வைக்கோல். வைக்கோல் இருந்தால் வீட்டுக்கு வீடு மாடு. கறந்த பால் சூடு ஆறுவதற்குள் அடுப்புக்குப் போகும்.

மூன்று விளக்கங்கள்

'டிகிரி' என்ற பெயருக்கு மூன்று விளக்கங்கள் சொல்வார்கள்.

ஒன்று, பால்மானி. பாலில் இதை மிதக்கவிட்டு 'டிகிரி' பார்ப்பார்கள். தண்ணீர் கலந்த பாலில் மானி ஆழமாக இறங்கும், எண் குறையும். எண் குறையாத பாலில் போட்டது டிகிரி காப்பி.

இரண்டு, முதலில் இறங்கும் டிகாக்ஷன்தான் 'முதல் டிகிரி'.

மூன்று, 'சிக்கரி' என்ற சொல் மக்கள் வாயில் 'டிகிரி' ஆகிவிட்டது.

எது சரியோ, மூன்றும் மூன்று பாடம் சொல்கின்றன: பால், டிகாக்ஷன், சிக்கரி. இந்த மூன்றில்தான் ருசி இருக்கிறது. ஏமாற்றும் இந்த மூன்றில்தான் நடக்கிறது.

பாலில் தந்திரம்

பால்மானியையும் ஏமாற்றலாம். பாலாடையை எடுத்துவிட்டால் எண் ஏறும். தண்ணீர் ஊற்றினால் எண் இறங்கும். இரண்டையும் செய்தால் எண் பழையபடி நிற்கும்! ஆனால் நாக்கை ஏமாற்ற முடியாது. ஆடை எடுத்து நீர் கலந்த பாலில் போட்ட காப்பி சப்பென்று இருக்கும்.

வறுவலும் வடிசலும்

பச்சைக் காப்பிக் கொட்டைக்கு அந்த மணமே கிடையாது. வறுத்தால்தான் வரும். கருகிவிட்டால் கரிக் கசப்பு. மேல்நாடுகளில் பார்லியைக் கறுக்க வறுத்துச் செய்யும் 'ஸ்டவுட்' என்ற கறுப்பு பீரைக்கூடக் காப்பி மணம் வீசுகிறது என்று சொல்வது வழக்கம். மணம் தருவது வறுவல்தான்.

அரைத்த பொடியின் மணம் நாளுக்கு நாள் குறையும். ஆகவே கொஞ்சமாக வாங்குவது நல்லது. பில்டரின் மேல் தட்டில் பொடியைப் போட்டு இலேசாக அமுக்குங்கள். கொதிக்கும் நீரை ஊற்றி மூடுங்கள். சொட்டுச் சொட்டாக இறங்கட்டும், அவசரம் கூடாது. இறங்கிய டிகாக்ஷனை மறுபடி கொதிக்க வைத்தால் மணம் போய்விடும்.

சிக்கரி எவ்வளவு?

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடி செய்து சேர்த்தால் டிகாக்ஷன் கெட்டியாகும், நிறம் ஏறும். அளவாகச் சேர்ப்பது குற்றம் அல்ல. கலவைப் பொடியில் 51 சதவீதமாவது காப்பி இருக்க வேண்டும் என்பது சட்டம். கலவை அளவைப் பாக்கெட்டில் அச்சிடவும் வேண்டும்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை பொடியைத் தூவுங்கள். காப்பி மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் நிறக் கோடு இழுத்தபடி கீழே இறங்கும்.

நாக்குதான் நீதிபதி

கடையில் காப்பி வந்ததும் முதலில் முகர்ந்து பாருங்கள். ஆற்றுவதற்கு முன்பே மணம் வர வேண்டும். சர்க்கரை கலக்காமல் ஒரு வாய் குடியுங்கள். நல்ல கசப்பு நாக்கில் பட்டு, மெல்ல விலகும். கருகலும் மிதமிஞ்சிய சிக்கரியும் தொண்டையில் தங்கிவிடும். அதை மறைக்கத்தான் சில கடைகளில் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள்.

பித்தளை டம்ளர் கண்ணுக்கு அழகு. ஆனால் உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். காசு கொடுப்பது காப்பிக்கு, போர்டுக்கு அல்ல.