நெடுந்தீவு

நெடுந்தீவு, பாக்கு நீரிணையில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே உள்ள தீவு. பரப்பளவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரால் இதனை டெல்ஃப்ட் என அழைத்தனர். யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள வேலணை, புங்குடுதீவு போன்ற தீவுகள் தாம்போதிகளால் இணைக்கப்பட்டுள்ளன. நெடுந்தீவுக்கு அத்தகைய பாதை இல்லை. எனவே இங்குள்ளோரின் வாழ்வு படகையும் கிணற்றையும் நம்பியே நடக்கிறது.

கடற்பயணம்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் துறைக்குப் பேருந்தில் செல்லலாம். அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மாவிலித்துறையை அடையலாம். குமுதினி, வடதாரகை ஆகியவை இப்பாதையில் ஓடிய பெயர்பெற்ற படகுகள். அரிசி, சீமெந்து, எரிபொருள், மருந்து எல்லாம் கடல்வழியாகவே வரவேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களிலும் வாடைக்காற்றுக் காலத்திலும் கடல் கொந்தளித்தால் சேவை தடைப்படும். தீவில் மருத்துவமனை உண்டு. ஆனாலும் கடும் நோயாளரைக் கடல் கடந்தே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி நடுக்கடலில் மறிக்கப்பட்டது. அதில் இருந்த பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் தீவு மக்கள் அவர்களை நினைவுகூர்கின்றனர்.

தண்ணீர்

தீவில் ஆறில்லை. நிலம் சுண்ணக்கல்லாலும் முருகைக்கல்லாலும் ஆனது. மழைநீர் அதன் ஊடாகக் கீழிறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் மேலேறிக் கிணறு உவர்த்துவிடும். நல்ல நீருக்குப் பெயர்பெற்றவை சாராப்பிட்டிக் கிணறுகள். மழை பொய்த்த ஆண்டுகளில் மனிதரோடு மாடுகளும் குதிரைகளும் தவிக்கின்றன.

வாழ்க்கை

மீன்பிடி, கால்நடை வளர்ப்பு, பனைத் தொழில் ஆகியவை முதன்மைத் தொழில்கள். மண் ஆழம் குறைந்த இடங்களில் பனையே நிமிர்ந்து நிற்கிறது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வேலியாக முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கி மதில் எழுப்புவர். கல் கிடைக்கும், மரம் அரிது என்ற நிலையில் உருவான வழக்கம் இது. உள்நாட்டுப் போரின்போது பலர் இடம்பெயர்ந்தனர். படிப்புக்காகவும் வேலைக்காகவும் வெளியேறியோரும் உண்டு. ஆளில்லாத வளவுகளில் மதில் மட்டும் எஞ்சி நிற்பதைக் காணலாம்.

பார்க்க வேண்டியவை

புல்வெளிகளில் கட்டாக் குதிரைகள் கூட்டமாக மேய்கின்றன. ஐரோப்பியர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை இவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலான் என்ற ஆங்கிலேய ஆட்சிக்கால அதிகாரி இங்கு குதிரை வளர்ப்பை நடத்தினார். பழைய கோட்டையின் இடிபாடு, முருகைக்கல்லால் கட்டிய புறாக்கூடு, தென்கரையில் கப்பல்களுக்கு வழிகாட்டிய குயிண்டா கோபுரம், வெடியரசன் கோட்டை எனப்படும் கற்குவியல் ஆகியவையும் உள்ளன. உள்ளே நுழைந்து நிற்கக்கூடிய பொந்துடைய பெருக்கமரம் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. அரபு வணிகர் கொண்டுவந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

பயணிகளுக்கு

காலைப் படகில் சென்று பிற்பகல் திரும்புவோரே மிகுதி. திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே துறையில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். இடங்கள் தொலைவிலுள்ளதால் முச்சக்கர வண்டியை வாடகைக்கு அமர்த்துவது நல்லது. நிழல் குறைவு. குடிநீரைக் கையோடு கொண்டுசெல்வது பயணிக்கு வசதி, தீவாருக்கும் உதவி. குதிரைகளை விரட்டுவதும் மதிற்கற்களைப் பெயர்ப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. படகில் இடம் குறைவாயின் நோயாளருக்கும் மாணவருக்கும் முதலில் வழிவிட வேண்டும். பார்க்க வந்தவருக்கு அது ஒரு நாள் உலா. அவர்களுக்கோ வேறு வழி இல்லை.