எழுத்தெண்ணும் வாய்பாடு

யாப்பிலக்கண வகுப்பில் தேமா, புளிமா என்று வாய்பாடு கூறி அலகிட்டுப் பழகியிருக்கிறோம் அல்லவா? நிரையும் நேரும் அடுத்தடுத்து வரும் எந்தச் சீரும் 'புளிமா'வில் அடங்கிவிடும். கணிப்பொறியிலும் இத்தகைய வாய்பாடு உண்டு. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பது அதன் பெயர். ஸ்டீபன் கிளீனி என்ற கணித அறிஞர் 1950களில் வகுத்த இக்கருத்தை, 1968இல் கென் தாம்ப்சன் சொற்களைத் தேடும் கருவியாக்கினார். 'பத்தெழுத்துக்கு மிகாத பெயர்' என ஒரே வரியில் வாய்பாடு எழுதிவிட்டால் போதும். மிஞ்சியதைப் படிவம் ஏற்காது.

நம் ஊர்ப் பெயரையே எண்ணிப் பார்ப்போம். பொ, ன், ன, ம, ரா, வ, தி: ஏழே எழுத்து. ஆனால் யூனிகோடு முறையில் மெய்யின் புள்ளிக்கும், உயிர்மெய்யில் சேரும் குறிகளுக்கும் தனித்தனி எண் உண்டு. ஆகவே பைதானும் ஜாவாஸ்கிரிப்டும் இதனை 11 என்று எண்ணி, பத்தெழுத்து வாய்பாட்டில் சேர்க்க மறுக்கும். யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளை எண்ணும் மென்பொருளுக்கோ 33! பெர்ல் மொழியில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் இட்டு எழுதினால் ஏழு கிடைக்கும். (நம் புலவர்களும் எப்போதும் ஒரே விதமாக எண்ணவில்லை. கட்டளைக் கலித்துறையில் ஒற்றை நீக்கியே எண்ணுவர். அவ்வழியில் நம் ஊருக்கு ஆறுதான்.)

கமலம், பிலோமினா என்று இரு மாணவியர் இருப்பதாகக் கொள்வோம். இருவர் பெயரும் நான்கெழுத்தே. கணிப்பொறிக் கணக்கிலோ முன்னவளுக்கு 5, பின்னவளுக்கு 8. எல்லை ஆறு என்றால் பிலோமினா வெளியே நிற்பாள். பெயரைச் சுருக்கி எழுதினால் பிறப்புச் சான்றிதழோடு பொருந்தாது. பிழை பெயரில் இல்லை. ஆங்கில எழுத்தை மட்டும் நினைத்து வாய்பாடு எழுதியவரிடமே உள்ளது.

சொல்லைக் கண்டுபிடிக்கும் குறியான பின்சாய்கோடு-டபிள்யூவிலும் இதே குழப்பம். பெர்ல் நம் ஊர்ப் பெயரை முழுமையாக எடுத்துக்கொள்ளும். பைதான் குறிகளைத் தள்ளிவிட்டு ப, ன, னமர, வத என நான்கு துண்டாக்கும். ஜாவாஸ்கிரிப்டுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தென்படாது.

ஓர் எழுத்து எத்தனை முறை திரும்ப வரலாம் என்பதிலும் வேற்றுமை உண்டு. குறைந்தது 255 முறையேனும் ஏற்கவேண்டும் என்பது பாசிக்ஸ் விதி. பிசிஆர்இ 65,535 வரை இடந்தரும். கூகுளின் ஆர்இ2, வாய்பாட்டை உள்ளுக்குள் விரித்தெழுதிக்கொள்வதால், நினைவகம் பெருகாதிருக்க 1,000 உடன் நிறுத்திக்கொள்ளும்.

பைதானோடு வரும் வழக்கமான தொகுப்பில் அந்தப் பெரிய எக்ஸ் கிடையாது. 'ரீஜெக்ஸ்' என்னும் தனித் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் அங்கும் பிலோமினாவுக்கு நான்கெழுத்துத்தான்.