முறுக்குப் பொட்டலம் உப்பும் உயரம்

தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் பழைய பாதையில் வளைவுகளை எண்ணத் தொடங்கியவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். அதற்குள் காது அடைத்துக்கொள்ளும். கீழே வாங்கிய முறுக்குப் பொட்டலம் மடியில் உப்பிப்போய் ஒட்டிய இடம் தெறிக்குமோ என்று பயமுறுத்தும். பொட்டலத்துக்குள் இருப்பது தாப்பாக் காற்று, வெளியே இருப்பது மலைக் காற்று. ரிங்லெட்டைத் தாண்டி, தேயிலையும் காய்கறியும் விளையும் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குக்கு வந்தால், சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்திருக்கும்.

காதுக்குத் தெரிந்துவிட்டது, முறுக்குக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் கொழுந்து மூட்டையோடு சரிவில் ஏறுகிறவரின் ரத்தம் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

காரணம் ஹீமோகுளோபின். அதை நான்கு இருக்கை கொண்ட சிறு வண்டி என்று வைத்துக்கொள்வோம். நுரையீரல்தான் நிறுத்தம், ஆக்சிஜன் பயணி. நிறுத்தத்தில் நூறு பேர் நின்றாலும் எண்பது பேர் நின்றாலும் வண்டி நிரம்பித்தான் புறப்படும். போதாததற்கு, ஒருவர் ஏறி உட்கார்ந்தால் அடுத்தவர் ஏறுவது எளிதாகும்படி அந்த மூலக்கூறே வடிவம் மாறிக்கொடுக்கிறது. கடலோரத்தில் 97, 98 விழுக்காடு நிரம்பும் இருக்கைகள், வண்டிச் சாலையே உச்சிவரை போகும் பிரிஞ்சாங் மலையில், சுமார் இரண்டாயிரம் மீட்டரில்கூட, சில புள்ளிகள்தான் இறங்கும். அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்பதை நினைத்தால் இது பெரிய சாமர்த்தியம்.

மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். தீபகற்ப மலேசியாவின் உச்சமான தாகான் மலையோ 2,187 மீட்டர். ஆக, தீபகற்பத்தில் எங்கே ஏறினாலும் நமக்கு அந்த நோய் வருவது அபூர்வம். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, நோய் வருவதற்கு அங்கே இடமில்லை.

அப்படிப்பட்ட தாழ்நிலத்திலிருந்து போன எம். மகேந்திரனும் என். மோகனதாசும்தான் 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் மலேசியர்கள். இருவரும் தமிழர்கள். உச்சியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். எனக்கு அதற்கு முந்தைய கட்டம்தான் வியப்பு. நேபாளப் பக்கத்து அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. அங்கேயும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 விழுக்காடுதான், ஆனால் மொத்தக் காற்றே ஏறக்குறைய பாதி. நிறுத்தத்தில் ஆள் இவ்வளவு குறைந்தபின் வண்டியின் சாமர்த்தியம் பலிக்காது. இருக்கைகள் காலியாக ஓடத் தொடங்கும்.

விமானம் இறங்கும் லுக்லா 2,860 மீட்டர். அங்கிருந்து முகாமுக்கு அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். சமதரையில் மூன்று நாள் நடை. மலையிலோ எட்டு நாள் ஆகிறது, அதில் இரண்டு நாள் வழியில் நாம்சேயிலும் திங்போச்சேயிலும் சும்மா தங்குவது. சும்மா இருப்பது நாம்தான், உடம்பு இல்லை.

கழுத்துத் தமனியில் அரிசிமணி அளவில் ஓர் உணரி உண்டு. ஆக்சிஜன் குறைந்ததும் அது மூச்சை வேகமாக்கும். வேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தம் காரத்தன்மை அடையும். உடனே மூளை, போதும் என்று மூச்சைப் பிடித்து அடக்கும். இந்த இழுபறி இரவில் முற்றும். தூங்குகிறவரின் மூச்சு சில விநாடிகள் நின்றே போகும், பிறகு திடுக்கென்று வாங்கும். பக்கத்துப் படுக்கைக்காரருக்குத்தான் தூக்கம் போகும். இதைத் தீர்த்து வைப்பது சிறுநீரகம். இரண்டு மூன்று நாளில் அது பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றிக் காரத்தைத் தணிக்கிறது, மூளையும் பிடியைத் தளர்த்துகிறது. ஆகவே குளிரில் இரவு மூன்று முறை எழுந்து வெளியே போகவேண்டி வந்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள், உடம்பு வேலை செய்கிறது.

புதிய சிவப்பணுக்கள் உருவாகித்தான் மலை பழகுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அவற்றை உருவாக்கச் சொல்லும் உத்தரவு சில மணி நேரத்திலேயே சிறுநீரகத்திலிருந்து போய்விடும் என்பது உண்மை. ஆக்சிஜன் குறைவை உயிரணு எப்படி அறிகிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆனால் உத்தரவு பலிக்க வாரக்கணக்கில் ஆகும். எட்டு நாள் நடைக்காரரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் மூச்சும் சிறுநீரகமும்தான். மலையிலேயே பிறந்த ஷெர்ப்பாக்களின் ரத்தமோ நம்முடையதைப்போல அதிகம் தடிப்பதே இல்லை. தடித்த ரத்தம் ஓடச் சிரமப்படும் என்பதால், தலைமுறை தலைமுறையாக அவர்கள் உடம்பு வேறு வழி கண்டுகொண்டது.

3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் நடுவே 500 மீட்டருக்கு மேல் உயரம் கூட்டாதே என்பது மலை வைத்தியர்களின் விதி. உடற்பயிற்சிக்கூட வாலிபனுக்கும் இதில் சலுகை கிடையாது. சொல்லப்போனால் அவன்தான் அதிகம் மாட்டுவான், கால் வேகமாகப் போய்விடும், சிறுநீரகம் பின்தங்கிவிடும்.

முகாமில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதிக்கும். பெர்த்தாம் தேயிலையைக் கொண்டுபோய்ப் போட்டாலும் ஊரில் இறங்கும் சாயம் இறங்காது. அங்கே காலியாக்கி இறுக மூடிய தண்ணீர்ப் புட்டி, கோலாலம்பூருக்கு வந்ததும் முறுக்குப் பொட்டலத்துக்கு நேரெதிராக, நசுங்கிச் சுருங்கிக் கிடக்கும். முகாமில் வாரக்கணக்கில் தங்கிவந்தவரின் ரத்தம் மட்டும், இறங்கிவிட்ட சேதி இன்னும் எட்டாததுபோல, அதிகப்படி சிவப்பணுக்களைச் சில வாரம் சுமந்துகொண்டிருக்கும்.